பாழாக்க இரும்பு வேண்டும்

சேலையூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், இராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், முறைப்படி லைசென்ஸ் பெற்று வைத்திருக்கும் தமது கைத்துப்பாக்கியின் பின்புறக் குறிக்காட்டி அது பொருந்தியிருக்கும் பள்ளத்தில் இலேசாக ஆடத் தொடங்கிவிட்டது என்று விசனப்பட்டு, அதைச் சீர்செய்யும் மார்க்கத்தை விசாரிப்பதற்காகச் சென்ற கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, குரோம்பேட்டையில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு சிறு பட்டறைக்கு வந்தார். துப்பாக்கியை அவர் கொண்டுவரவில்லை. கைப்பேசியில் அதன் படம் மட்டும் இருந்தது. பட்டறைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கைகூப்பினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. துப்பாக்கி சமாசாரம் எதுவும் இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு எங்கப்பா காலத்துலேருந்தே வெச்சிருக்கோம். ஆனா இந்த வெட்டு இருக்கே, இது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. டவ்டெயில்தானே! அதோ நம்ம பையன் போட்டுக்கிட்டிருக்கான் பாருங்க."

அவர் மறுத்தது நியாயம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உற்பத்தி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றிப் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது. நல்ல கைத்திறன் உடையவன் என்பதற்காக ஒருவன் அதைத் தொட்டுவிட முடியாது. நண்பர் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி ஒருவரிடமே போய்ச் சேர்ந்தார். துப்பாக்கியின் கதை அவ்வளவுதான். ஆனால் பட்டறையின் மூலையில், மஞ்சள் விளக்கின் கீழே, பழைய மில்லிங் மிஷின் ஒன்றின் முன் குனிந்து நின்றிருந்த அந்தப் பையனும், அவன் காலடியில் கிடந்த கெட்டுப்போன இரும்புத் துண்டுகளும் என் மனத்தை விட்டு அகலவில்லை. எனக்குத் தெரிந்து நம்முடைய தொழிற்கல்வியைப் பற்றிய பெரும்பாலான பேச்சுகளில் இடம்பெறாத ஒரு விஷயம் அந்தத் துண்டுகளில் இருந்தது.

முதலில் அந்த வெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புறாவின் வால் அடியில் ஒடுங்கி நுனியில் விரிந்திருப்பதைப் போல, மேல்வாய் குறுகியும் அடித்தளம் அகன்றும் இருக்கும்படி உலோகத்தில் செதுக்கப்படும் பள்ளத்துக்குத்தான் டவ்டெயில் என்று பெயர். பாடப்புத்தகங்களில் புறாவால் என்றும் எழுதுவார்கள். பட்டறையில் ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் பள்ளத்தில் அதே வடிவுள்ள மற்றொரு துண்டைப் பக்கவாட்டில் நுழைத்துவிட்டால் அது மேலே எழும்பி வர முடியாது, ஆனால் இடமும் வலமும் நகரும். நகர வேண்டிய இடத்தில் சற்றே தளர்வாகவும், நகரக் கூடாத இடத்தில் இறுக்கமாகவும் வைத்துக்கொண்டால், திருகாணியும் பற்றவைப்பும் இல்லாமலே இரண்டு உலோகங்களைச் சேர்த்துவிடலாம். லேத்தின் குறுக்கு ஸ்லைடு இதன்மேல்தான் ஓடுகிறது. அந்தப் பையன் வேலை செய்த மிஷினின் மேடை மேலும் கீழும் ஏறி இறங்குவதும் இதன்மேல்தான். டவ்டெயில் வெட்டும் யந்திரமே டவ்டெயிலின்மேல் நிற்கிறது என்பது யோசித்துப் பார்த்தால் வேடிக்கையான சங்கதி.

கைத்துப்பாக்கியில் இந்த வெட்டின் உத்தியோகம் வேறு. குறிக்காட்டியின் அடிப்பாகம் பள்ளத்துக்குள் அவ்வளவு இறுக்கமாக அமர்ந்திருக்க வேண்டும், நூற்றுக்கணக்கான முறை சுட்ட அதிர்ச்சியிலும் அசையக் கூடாது. ஆயினும் குண்டு இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறதென்றால், பித்தளைக் கம்பியை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிப் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த முடிய வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு என் நண்பர் அன்று பட்டறை மேஜையில் கிடந்த பில் புத்தகத்தின் பின்னட்டையிலே கணக்குப் போட்டுக் காட்டினார். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 160 மில்லிமீட்டர் தூரம். இலக்கு 25 மீட்டருக்கு அப்பால். ஆகவே குறியில் நேரும் பிழை இலக்கில் 156 மடங்காகப் பெருகும். சர்வதேசப் போட்டிகளில் 25 மீட்டர் தூரத்துத் துல்லியச் சுற்றுக்கு வைக்கப்படும் இலக்கின் நடுவட்டம், பத்து மதிப்பெண் தருவது, 50 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. அதன் மையத்திலிருந்து விளிம்புக்கு 25 மில்லிமீட்டர். அந்த 25 மில்லிமீட்டரை இழப்பதற்குப் பின்குறி 0.16 மில்லிமீட்டர் ஒதுங்கினால் போதும். வாசகர்கள் இப்போது கையில் பிடித்திருக்கும் இந்தச் செய்தித்தாளில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு கனமோ, ஏறத்தாழ அவ்வளவு.

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது, இறுதிச் சுற்றுக்கு முன்னால் தமது துப்பாக்கியின் குறி மாறியிருந்ததைக் கண்டு அவசர அவசரமாக அதைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அவர் கையில் இருந்தது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி. அந்த வகைத் துப்பாக்கிகளிலும் பின்குறி ஏறி அமர்வது 11 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு டவ்டெயில் தண்டவாளத்தில்தான். ஒரு தேசத்தின் முதல் தனிநபர் தங்கப் பதக்கத்துக்கு அடியில் இப்படி ஒரு சாய்ந்த வெட்டும் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படாத அளவுக்கு அதை வெட்டியவர் ஒழுங்காக வெட்டியிருந்தார்.

இனி அந்தப் பையன். முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வருகிறவன், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்துச் சான்றிதழோடு வெளியே வந்து, பட்டறையில் சேர்ந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை பிற்பகலில் ஆர்டர் வேலை முடிந்த பின் மிஷினை அவனிடம் ஒப்படைத்து, வாள் வெட்டி மிஞ்சிய கட்பீஸ்கள் நிறைந்த ஒரு தகரப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, "பத்து டவ்டெயில் போடு, பத்தாவது எனக்குப் பிடிச்சிருந்தா அடுத்த மாசம் ஆர்டர்ல கைவைக்கலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். துண்டு ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர் சதுரம், 60 மில்லிமீட்டர் நீளம். குறுக்கே ஒரு பள்ளம்: அடியகலம் 10 மில்லிமீட்டர், ஆழம் 2, சாய்வு 60 பாகை. துப்பாக்கிக் குறியின் பள்ளமும் அளவில் இதற்கு வெகு தூரத்தில் இல்லை என்று நண்பர் படத்தைக் காட்டிச் சொன்னார்.

நாங்கள் போனபோது அவன் நான்காவது துண்டில் இருந்தான். முதல் மூன்றையும் முதலாளி வரிசையாக எங்கள்முன் எடுத்து வைத்து, ஒரு வைத்தியர் நோயைச் சொல்வதைப் போல ஒவ்வொன்றின் குற்றத்தையும் சொன்னார். பையன் முகத்தில் வெட்கத்தைக் காட்டிலும் ஒருவிதச் சுவாரசியமே தெரிந்தது.

முதல் துண்டில் கட்டரின் பல்லே போயிருந்தது. டவ்டெயில் கட்டர் கழுத்துச் சிறுத்து நுனி விரிந்தது. அதன் பலமெல்லாம் நுனியில், அதன் பலவீனமும் அங்கேதான். ஆகையால் முதலில் சாதாரண எண்ட் மில்லை வைத்து ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்கு நேரான பள்ளம் ஒன்றை எடுத்துப் பெரும்பாரத்தைக் குறைத்துவிட்டு, பிறகுதான் சாய்ந்த கட்டரை, மூன்று நூல் கட்டரை, பக்கத்திலிருந்து உள்ளே செலுத்த வேண்டும். பையன் அவசரப்பட்டு அந்த முதல் படியைத் தாண்டிவிட்டான். நான்கு பல்லில் ஒன்று மூலையில் உடைந்து பள்ளத்திலேயே சிக்கிக் கிடந்தது.

இரண்டாவது துண்டு அதைவிட விநோதம். பள்ளத்தின் அடிப்பாகம் நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் நடுவில் இரண்டு உதடுகளும் எலி கடித்ததைப் போலப் பிறைவடிவில் தின்னப்பட்டிருந்தன. பாதி வழியில் கைப்பேசி மணி அடிக்க, பையன் வழக்கமான வேலையில் செய்வதைப் போலக் கட்டரை நேரே மேலே தூக்கியிருக்கிறான். அடி அகன்ற கட்டர் வாய் குறுகிய பள்ளத்திலிருந்து மேலே வரமுடியாது. வந்த வழியே பக்கவாட்டில்தான் வெளியேற வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை ஐ.டி.ஐ. வகுப்பில் அவன் எழுதிக்கூட இருப்பான். அந்த இரும்பு கிறீச்சிட்ட சத்தத்தைக் காதால் கேட்ட பிறகு, ஆயுள் உள்ளவரை அவன் அதை மறக்கமாட்டான்.

மூன்றாவது துண்டின் பிழை கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளத்தின் இரண்டு மூலைகளிலும் இரண்டு மில்லிமீட்டர் உருளைப் பின்களை வைத்து, பின்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பதுதான் இதற்கு முறை. வாயில் வெர்னியரை வைத்து அளந்தால் பிசிறு பொய் சொல்லும். சாய்வு 60 பாகை என்றால் பின்னின் குறுக்களவை 2.732-ஆல் பெருக்கி அடியகலத்திலிருந்து கழிக்க வேண்டும். பத்திலிருந்து 5.464 போக, 4.536 வரவேண்டும். பையனுக்கு 4.71 வந்தது. காரணம் கணக்கில் இல்லை. பழைய மிஷினின் திருகுத் தண்டிலும் நட்டிலும் தேய்மானத்தால் ஏற்பட்டிருந்த ப்ளேயில் இருந்தது. டயலைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டோமே என்று நாலு கோடு பின்னால் திருப்பியிருக்கிறான். டயல் திரும்பியது, மேஜை திரும்பவில்லை. பின்னால் நன்றாகப் போய், மறுபடி அதே திசையிலிருந்து முன்னேறி வரவேண்டும் என்று முதலாளி செய்து காட்டினார். "மிஷின் கெழவன் மாதிரி தம்பி. பின்னாடி கூப்பிட்டா உடனே திரும்ப மாட்டான். முழுசாப் போயிட்டு வரணும்" என்றார்.

இந்த மூன்று பிழைகளையும் விலாவாரியாக நான் எழுதக் காரணம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி நிலையத்தில் நானும் ஃபிட்டர் படித்தவன். அங்கேயும் டவ்டெயில் உண்டு. ஆணும் பெண்ணுமாக இரண்டு தகட்டை அரத்தாலேயே இழைத்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையச் செய்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது என்பது பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு முந்திய வருஷம் முழுவதிலும் அந்தப் பயிற்சிக்கென்று எனக்குக் கிடைத்த இரும்பு ஒரே ஒரு ஜோடி. "கெட்டுப்போனா அவ்வளவுதான், ஸ்டோர்ல இல்லை" என்பது எங்கள் ஆசிரியரின் நித்திய வாசகம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஸ்டோரில் உண்மையாகவே இல்லை. விளைவு என்னவென்றால், நாங்கள் டவ்டெயில் வெட்டக் கற்றுக்கொள்ளவில்லை, கெட்டுப்போன டவ்டெயிலை மறைக்கக் கற்றுக்கொண்டோம். இடுக்கு பெரிதாகிவிட்டால் ஓரத்தை உருண்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உலோகத்தைப் பிதுக்கிவிட்டு அதன்மேல் அரத்தை ஓட்டிவிட்டால், வெளிச்சம் தெரியாது. நான் அவ்வாறு செய்துதான் தேறினேன். தேறியவன் பிறகு பேனா பிடிக்கப் போய்விட்டதால் உலகத்துக்கு அதிக நஷ்டம் இல்லை. தட்டிப் பிதுக்கிய அந்தக் கையோடு ஒரு விமான நிலையத்துக்கோ ரயில் பணிமனைக்கோ போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. கைத்தொழில் பயில்கிறவனுக்குப் புத்தகத்தையும் யந்திரத்தையும் ஆசிரியரையும் கொடுப்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், அவன் பாழாக்குவதற்கென்றே இரும்பைக் கொடுப்பது. அதைப் பாழாக்குவதற்கான நேரத்தையும், பாழாக்கியதற்காகத் திட்டு வாங்காமல் இருக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பது. நம்முடைய திட்டங்களில் மற்ற யாவற்றுக்கும் கணக்குத் தலைப்பு இருக்கிறது. இதற்கு இல்லை, அல்லது இருந்தும் முதலில் வெட்டப்படும் தலைப்பாக இருக்கிறது.

தமிழக அரசு 2022-இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீன மையங்களாக மாற்றும் பணியைத் தொடங்கியதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். 2,800 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம், சி.என்.சி. மிஷின்களும் ரோபாட்டுகளும் வந்திருக்கின்றன. எங்கள் காலத்தில் கனவிலும் காணாத உபகரணங்கள் அவை. ஆயினும் பெரிய யந்திரம் வந்தால் சிறிய பயம் ஒன்றும் கூடவே வரும்: இவ்வளவு விலையுள்ள மிஷினைப் பையன் உடைத்துவிட்டால்? அந்தப் பயம் வந்த இடத்தில் மிஷின் கண்காட்சிப் பொருளாகிவிடும். பையன்கள் சுற்றி நிற்பார்கள், ஆசிரியர் ஓட்டிக் காட்டுவார், திரையில் வெட்டு நடப்பதைப் போன்ற பாவனை ஓடும். திரையில் கட்டரை நேரே மேலே தூக்கினால் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும். பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எலி கடித்த உதடு அங்கே கிடையாது.

சி.என்.சி. வந்த பிறகு இந்தக் கைப்பழக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் படித்தவர்கள் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ப்ரோகிராம் எழுதப்பட்டபடியே கட்டர் ஓடும் என்பது சரி. அந்தக் கட்டர் வெட்டும்போது எவ்வளவு வளைகிறது, மூலை எப்போது மழுங்கத் தொடங்கியது, வைஸ் இறுக்கிய இறுக்கில் ஜாப் மில்லிமீட்டரில் எத்தனை நூறில் ஒரு பங்கு உயர்ந்திருக்கிறது, பிசிறு எந்தப் பக்கம் விழுகிறது என்பனவெல்லாம் ப்ரோகிராமில் இல்லை. பத்துத் துண்டைக் கெடுத்தவனின் காதிலும் விரல் நுனியிலும் இருக்கின்றன. ஆயிரம் ஜாப் ஓட வேண்டிய மிஷினில் முதல் ஜாப்பைக் கையில் வாங்கி, அளந்து, திருத்தம் போடுகிறவன் இவன்தான். இவன் தவறினால் மிஷின் அந்தத் தவற்றை மிகுந்த சிரத்தையோடு ஆயிரம் முறை செய்துமுடிக்கும்.

இந்தத் தென்புறநகரின் சரித்திரமே இப்படிப்பட்ட கைகளின் சரித்திரம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரி பிறந்தது, 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது, 1984-இல் தாம்பரம் சானடோரியத்தை ஒட்டி ஏற்றுமதி மண்டலம் வந்தது. வண்டலூர்ப் பக்கத்தில் ஹெரால்டு கார் செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை இன்று இல்லை. அப்படி மூடப்பட்ட பெரிய ஆலைகளில் கைபழகியவர்கள் தங்கள் சேமிப்பில் ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டு, பம்மலிலும் நாகல்கேணியிலும் திருமுடிவாக்கத்திலும் ஜாப் ஒர்க் எடுத்து வாழ்ந்தார்கள். என் குரோம்பேட்டைப் பட்டறைக்காரரின் தகப்பனாரும் அத்தகையவர்தாம். மகனுக்கு அவர் முதலில் கொடுத்த பாடம், வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரம் சந்தைக்கு அழைத்துப் போய், பழைய டிரங்க் ரோட்டில் சாக்கு விரித்துக் கொட்டியிருக்கும் துருப்பிடித்த கட்டர்களுக்குள் தேறக்கூடியதைப் பொறுக்கச் சொல்வதாம். மழுங்கிய கட்டரைத் தீட்டி, பேரீச்சம்பழத்துக்குப் போகவேண்டிய இரும்பில் வெட்டிப் பழகினார்கள். தரித்திரம் கற்றுக்கொடுத்த தாராளம் என்று இதைச் சொல்லலாம். கெட்டுப்போனால் நஷ்டமில்லாத கருவியும் நஷ்டமில்லாத உலோகமும் கிடைத்தபடியால் அவர்கள் பயமில்லாமல் கெடுத்தார்கள்.

இன்றைய பட்டறை முதலாளியின் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லன். மின்கட்டணம், வாடகை, மூன்று மாதம் கழித்துப் பணம் தரும் கம்பெனிகள், சொல்லாமல் நின்றுவிடும் பையன்கள். "இவனுக்கு ஒரு வருஷம் கத்துக் கொடுத்தா, ஒரகடத்துல ஆயிரம் ரூவா கூடக் கிடைக்குதுன்னு அண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லாம போயிடுவான் சார்" என்று அவர் சொன்னபோது, பையன் காதில் விழுந்தும் விழாதது போலப் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சிறுபட்டறை தன் செலவில் நாட்டுக்கே தொழிலாளியைத் தயார் செய்து, பெரிய ஆலைக்கு இலவசமாக அனுப்பிவைக்கிறது. 1961-ஆம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டம் பயிலுநருக்கு உதவித்தொகை கொடுக்க வழிசெய்தது. அவன் கெடுக்கும் கட்டருக்கும், அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில் வருமானமின்றி ஓடும் மிஷினுக்கும் யார் கொடுப்பது? தொழிற்பேட்டைகளில் பொதுவான பயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவி, நாலு பழைய மில்லிங் மிஷினைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பட்டறைப் பையன்கள் வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து கெடுத்துப் பழகலாம் என்று வைத்தால் என்ன? புது ரோபாட் ஒன்றின் விலையில் இப்படிப் பல கூடங்களை நிரப்பிவிடலாம்.

இரும்பின் விலையைப் பற்றி மலைப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மேலே சொன்ன அளவுள்ள துண்டு ஒன்றின் எடை 300 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்துத் துண்டும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு உள்ளே. ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக் கைத்திறனுக்கு நாம் தயங்கித் தயங்கி அளக்கும் முதல் இவ்வளவுதான். அதிலும் கெட்ட துண்டு பழைய இரும்பு விலைக்குத் திரும்ப விலைபோகும். அலுமினியத்தில் பழகினால் இன்னும் சுலபமாயிற்றே என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். அலுமினியம் மெத்தென்று வழிவிட்டுக் கொடுத்து, பையனுக்குத் தான் தேர்ந்தவன் என்ற பொய்யான எண்ணத்தை உண்டாக்கிவிடுமாம். முதல் நாள் பயம் தெளிவதற்கு ஒன்றிரண்டு அதில் போடலாம், பிறகு ஆர்டரில் வருகிற இரும்பிலேயேதான் பழகவேண்டும் என்றார்.

தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019-இல் தொடங்கிவைத்து, சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து ஊர்களைக் கணுக்களாகக் குறித்திருக்கிறார்கள். திருச்சியில் 1960-களிலிருந்தே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இந்த ஐந்து ஊர்களையும் பற்றிய கூட்டங்களில் முதலீட்டுத் தொகையும் ஒப்பந்த எண்ணிக்கையும் நிறையக் கேட்கிறோம். ஆனால் பெரிய ஆயுதச் சாலையானாலும் விமானப் பகுதியானாலும், அதன் சிறுசிறு உறுப்புகள் கடைசியில் இப்படி ஒரு சந்திலே, இப்படி ஒரு பையன் முன்னால் வைஸில் வந்துதான் இறுகும். துப்பாக்கியின் ஸ்லைடில் வெட்டிய பள்ளம் மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு மிகுந்துபோனால் அதைக் குறைக்க மார்க்கமில்லை. எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்கும் அரம் இன்னும் செய்யப்படவில்லை. அங்கே முதல் வெட்டே கடைசி வெட்டு. அதனாலேயே, அந்த வெட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் கிடைத்தற்கரிய ஸ்லைடைத் தொடுவதற்கு முன் மலிவான துண்டில் அதே அளவில், அதே கட்டரை வைத்து ஒத்திகை பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளத்தைச் சற்றே குறைவாக நிறுத்திக்கொண்டு, குறிக்காட்டியின் அடியை, ஒரு பக்கம் பல் நீக்கிய முக்கோண அரத்தால் இழைத்து இழைத்துப் பொருத்துகிறார்கள்; கெட்டால் மாற்றக்கூடியது எதுவோ அதில்தான் கைவைப்பது. கையால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு நுழைய வேண்டும், மிச்சத்தைப் பித்தளைக் கம்பியால் தட்டித்தான் ஏற்ற வேண்டும் என்று நண்பர் தமது பட்டாளத்து ஆர்மரர் ஒருவரை நினைவுகூர்ந்து சொன்னார்.

மார்கழி பிறந்து இரண்டு வாரம் கழித்து நான் மட்டும் மறுபடி பட்டறைக்குப் போனேன். பையன் அப்போதுதான் பத்தாவது துண்டை வைஸிலிருந்து எடுத்துப் பிசிறு நீக்கித் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தான். பின் அளவு 4.53. முதலாளி அதை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். தாம் தயாராக வைத்திருந்த டவ்டெயில் கட்டையைப் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினார். மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய் நின்றது. பித்தளைக் கம்பியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். அது சத்தமில்லாமல் ஏறி மையக் கோட்டில் நின்றது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். பையன் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தான்.

"ம். இது ஒண்ணு வந்துடுச்சு" என்றார் அவர், துண்டை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு. "இதே மாதிரி இன்னொண்ணு வருதா பார்ப்போம்."

பையன் தகரப் பெட்டியில் கையைவிட்டுத் துழாவி, துருவைத் துடைத்து, பதினோராவது துண்டை வைஸில் வைத்து இறுக்கினான்.